மருத்துவக் கருவி: இல்லை

ஈப்போ,
10.3.2024

அன்புள்ள தம்பி தர்மாவுக்கு அக்கா நவமணி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் மாமாவும் நலம். ஜொகூரில் நீயும் தினேஸ்வரியும் சுகமாக இருக்க வேண்டும்.

தபால்தலை வாங்கப் போனால் போஸ்ட் ஆபீஸ் பெண் சிரிக்கிறாள். "இன்னும் கடிதமா எழுதறீங்க ஆன்டி, வாட்சாப் இல்லையா?" என்கிறாள். இரண்டு அறை வீட்டில் போனில் குசுகுசுத்தாலும் மாமாவுக்குக் கேட்டுவிடும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. நீ வந்து சேர நேரமானதால், சுடலையில் கொடுத்த நேரம் தாண்டிவிடுமே என்று மாமா கொள்ளி வைத்தார். "மகன் உயிரோட இருக்கறப்ப மருமகன் கொள்ளி வைப்பானா?" என்று அத்தனை பேர் முன்னால் அவர் சட்டையைப் பிடித்தாய். அவர் மறக்கவில்லை. நீயும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிலைக் கீழ்வீட்டு ஆசியா அக்கா கடை விலாசத்துக்கே போடு. அக்கா என் கையில் கொடுத்துவிடுவார்.

ஒரு செய்தி. எங்கள் சுங்கை லெம்பு அடுக்குமாடியின் கூரையில் சூரியத் தகடு பதிக்கிறார்கள். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஆள் உயரத்துக்குப் பேட்டரி வந்து நிற்கிறது. எல்லா வீட்டுக்கும் புது மீட்டராம். தோட்டத்தில் ரப்பர் மரம் நின்றபோது நமக்கு மண்ணெண்ணெய் விளக்கு. மரத்தை வெட்டிக் கட்டிய பிளாட்டில் வெயிலிலிருந்து விளக்கு. உன் கம்பெனி வேலைதான் என்று ஆசியா அக்கா சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்க ஆள்தான் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
நவமணி


ஜொகூர் பாரு,
2.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீயும் மாமாவும் நலம் என்று படித்து நிம்மதி. நாங்களும் நலமே.

ஆமாம், எங்கள் வேலைதான். நான் உட்கார்ந்திருக்கும் அறையில் பெரிய திரை இருக்கிறது. அதில் உங்கள் பிளாட்டின் ஒவ்வொரு வீடும் ஒரு கோடு. எந்த வீட்டில் எப்போது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று ஜொகூரிலிருந்தே பார்க்கலாம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே வீடு திரும்பி ஏர்கோன் போடும். அதற்காக எங்கோ ஒரு பழைய மின்நிலையத்தில் கூடுதலாக நிலக்கரி எரிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் வீட்டுக்கு ஒரு லைனைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டால் போதும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

இந்தத் திட்டம் தொடங்க அறுபது வீடு சேர வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. ஐம்பத்தொன்பதில் நின்றது. அறுபதாவது உன் வீடு! உனக்கு அலைச்சல் வேண்டாம் என்று படிவத்தை நானே நிரப்பிவிட்டேன். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா, மருத்துவக் கருவி உண்டா என்றெல்லாம் இரண்டு பக்கம் கேள்வி. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் போட்டேன். உனக்கு ஆப் எல்லாம் பழக்கமில்லையே, அதனால் போன் நம்பரும் என்னுடையதுதான். அடுத்த மாதம் ஆட்கள் வந்து லைனை நிறுத்தும் ஒரு வெள்ளை டப்பா மாட்டுவார்கள்.

அன்புடன்,
தம்பி தர்மா


ஈப்போ,
5.5.2024

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் ஆசிகள். நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

டப்பா மாட்டிவிட்டார்கள். எங்களுக்கு ஏர்கோன் இல்லை என்பதால் படுக்கையறை, ஹால் லைன் முழுவதையும் அதில் சேர்த்துவிட்டார்கள். தினமும் ஏழிலிருந்து ஏழேகால்வரை நிற்கும் என்று கதவில் தாள் ஒட்டியிருக்கிறது. சொன்ன நேரத்துக்கு டக்கென்று நிற்கிறது. உன்னைவிட ஒழுங்கு.

ஒன்று கேட்கிறேன். படுக்கையறையில் ஒரே ஒரு பிளக்கை மட்டும் இதிலிருந்து விட்டுவிட முடியுமா? ரொம்பக் கஷ்டம் என்றால் வேண்டாம். மாமாவுக்குக் கல் குவாரித் தூசியில் வந்த பழைய இருமல் இருக்கிறது அல்லவா, விசிறி நின்றால் புழுங்குகிறது என்கிறார். அவ்வளவுதான். சும்மா கேட்டேன்.

பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் எனக்கு வேலை கூடியிருக்கிறது. மூன்றரை மணிக்கு மேல்தான் வீடு திரும்புகிறேன். தினேஸ்வரியைக் கேட்டதாகச் சொல்.

பிரியமுள்ள அக்கா,
நவமணி


ஜொகூர் பாரு,
30.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சுகம். அங்கும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி.

ஒரு பிளக்கை மட்டும் விட முடியாது அக்கா. விட்டால் அறுபது வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பிளக் கேட்பார்கள். "என் அக்கா வீடு லா" என்று நான் ஆபீசில் சொல்ல முடியுமா? கால் மணி நேரம் புழுங்கினால் மாமாவுக்கு ஒன்றும் ஆகாது. தோட்டத்தில் நாம் விசிறி இல்லாமலே வளர்ந்தவர்கள்தானே.

ஆனால் உன் குட்டு ஒன்று வெளிப்பட்டது. உன் வீட்டுக் கோடு பகலும் ராத்திரியும் ஒரே மட்டத்தில் போகிறது. எல்லோர் வீட்டுக் கோடும் தூங்கும் நேரத்தில் உன் வீட்டில் மட்டும் ஏதோ நிற்காமல் ஓடுகிறது. அந்தப் பழைய ஐஸ்பெட்டியா? அப்பா காலத்துச் சாமானை இன்னும் விடவில்லையா நீ? தீபாவளிக்குப் புதிது அனுப்புகிறேன். மறுக்காதே.

அன்புத் தம்பி,
தர்மா


(எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம்)

ஈப்போ,
16.6.2024

தர்மா,

அது ஐஸ்பெட்டி இல்லை. மாமாவின் ஆக்சிஜன் மெஷின்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் நுரையீரல் முழுக்கக் கல்தூசி படிந்துவிட்டது என்றார்கள். இனி மெஷின் இல்லாமல் அவரால் முடியாது. மூக்கில் குழாயோடுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். "தர்மாகிட்ட மூச்சு விடாத. அவன் முன்னாடி நான் இளைச்சுப் போயி நிக்க மாட்டேன்" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். டப்பா மாட்ட வந்த அன்று மெஷினைத் துணி அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்து, நான் தூக்கிக் கொடுத்த சிலிண்டரோடு ஆசியா அக்கா கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் உன் ஆட்களாயிற்றே, உன்னிடம் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

இப்போது தினமும் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சிலிண்டரைக் கட்டிலருகே இழுத்து வந்து குழாயை மாற்றுகிறேன். ஏழேகாலுக்குத் திரும்ப மாற்றுகிறேன். சிலிண்டர் கனம், அவரால் தூக்க முடியாது. அடுக்களைப் பிளக்கிலிருந்து வயர் இழுத்துப் பார்த்தோம், பிளக் கருகிவிட்டது. நான் இருக்கிறவரை சமாளிக்கலாம். ஒருநாள் பஸ் தாமதமாகிவிட்டால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது தம்பி.

நவமணி


ஈப்போ,
17.6.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

ஆமாம், பழைய ஐஸ்பெட்டிதான். நீ கண்டுபிடித்துவிட்டாய். கெட்டிக்காரன்.

அக்கா


ஜொகூர் பாரு,
28.10.2024

அன்புள்ள அக்காவுக்குத் தீபாவளி வாழ்த்துகள். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாலு மாதமாக எழுதவில்லை, திட்டிக்கொள். தைப்பிங்கில் இரண்டாயிரம் வீட்டுக்கு இதே திட்டம் வருகிறது. பொறுப்பு எனக்கு வரும்போல இருக்கிறது. தைப்பிங் மழையில் நனைந்து நனைந்து சளி பிடித்ததுதான் மிச்சம்.

புது ஐஸ்பெட்டி போன வாரம் வந்திருக்குமே? ஆனால் உன் கோடு இறங்கவே இல்லை. பழையதையும் சேர்த்தா ஓட்டுகிறாய்? யாருக்காவது கொடுத்துத் தொலை அக்கா.

அப்புறம் ஒன்று. நவம்பர் முதல் தேதியிலிருந்து ஏழு மணிக் கணக்கு கிடையாது. கதவில் இருக்கும் தாளைக் கிழித்துவிடு. வெயில், மேகம், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துக் கம்ப்யூட்டரே நேரத்தை முடிவு செய்யும். பகலில்கூட நிற்கலாம், அரை மணி நேரம் வரை. இருபது நிமிடம் முன்னால் போனுக்குச் செய்தி வரும். உன் செய்தி எனக்குத்தான் வரும், அதனால் உனக்குத் தொந்தரவு இல்லை. இதுதான் உண்மையான புத்திசாலி நகரம் என்று எங்கள் மேலதிகாரி பூரித்துப் போகிறார்.

முறுக்கு சுடும்போது என்னையும் நினைத்துக்கொள்.

தம்பி,
தர்மா


ஈப்போ,
2.12.2024

தம்பி தர்மாவுக்கு,

நலம். நீயும் தினேஸ்வரியும் நலமாக இருங்கள்.

தீபாவளி விடுமுறையில் தபால் தேங்கிவிட்டதாம். உன் கடிதம் நவம்பர் ஏழாம் தேதிதான் ஆசியா அக்கா கைக்கு வந்தது. எனக்கு இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். படித்தேன்.

புது ஐஸ்பெட்டி நன்றாக ஓடுகிறது. உள்ளே வைக்கத்தான் அதிகம் ஒன்றுமில்லை. மழை விடாமல் பெய்கிறது.

நவமணி


ஜொகூர் பாரு,
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் மாமாவும் நலமென அறிந்து மகிழ்ச்சி.

உன் கடிதம் ஏன் இத்தனை சின்னது என்று கோபம் வந்தது. ஆனால் இன்று கோபம் போய்விட்டது. அக்கா, நீ முதலிடம்! நவம்பர் மாதத்தில் மின்சாரத்தை மிக அதிகமாகக் குறைத்த வீடு என்று அறுபது வீட்டில் உன் வீட்டைத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்திருக்கிறது. நாலாம் தேதி மத்தியானம் மூன்று மணியோடு உன் கோடு பாதிக்கு மேல் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான், மறுபடி ஏறவே இல்லை. ஒருவழியாகப் பழசைத் தூக்கிப் போட்டாயே! அறையில் எல்லோரிடமும் "என் அக்கா வீடு" என்று காட்டினேன். உன் கோட்டைத் தைப்பிங் விளக்கக் கூட்டத்தில் பெரிதாகப் போட்டுக் காட்டப் போகிறோம்.

சான்றிதழ் இதோடு இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டு. மாமா திட்டினால் திட்டட்டும்.

பெருமையுடன்,
தர்மா


ஈப்போ,
4.1.2025

தர்மா,

உன் மாமா ஐயாவு இறந்து இன்றோடு இரண்டு மாதம்.

நவம்பர் நாலாம் தேதி, திங்கட்கிழமை. வேலை முடிந்து மூன்றே முக்காலுக்கு மாடி ஏறினேன். பெண்கள் வராந்தாவில் நின்று, "இந்நேரத்துல ஏன் லைட்டு போச்சு, ஏழு மணிதானே சொன்னாங்க" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி வேலைக்குப் போன ஆண்கள் போனுக்கு வந்திருக்கிறது. அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தபோது அவர் கட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். கை சிலிண்டர் பக்கம் நீட்டியிருந்தது. கரண்ட் திரும்பி வந்திருந்தது, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் மெஷின் மட்டும் நின்றே கிடந்தது. டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

ஜூன் மாதம் உனக்கு எழுதி, அனுப்பாமல் வைத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்தால் எந்த மெஷின், எதற்கு மறைத்தேன் என்று தெரியும். என் தப்பும் அதில் இருக்கிறது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் எந்த டப்பா என்று சொல்ல வேண்டும். யார் போட்ட டப்பா என்றும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நீ தாங்க மாட்டாய் என்று இருந்தது. இன்னொரு பக்கம், உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி வெளிநாடு போயிருக்கிறான் என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன். பதினாறாம் நாள் தாலி எடுத்தபோது பிறந்த வீட்டுக் கோடி போட ஆள் இல்லை. கூட்டம் காத்திருந்தது. ஆசியா அக்காதான் ஓடிப்போய் ஒரு புதுச் சேலை வாங்கி வந்து என் தோளில் போட்டார். "நானும் ஒனக்குப் பொறந்த வீடுதான் லா" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மாமா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்டால் அழாமல் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மாதம் மனதைக் கட்டி வைத்திருந்தேன். உன் சான்றிதழ்தான் வந்தது. அதைத் திருப்பி அனுப்புகிறேன்.

நவமணி


ஜொகூர் பாரு,
25.1.2025

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் சாப்பிடவில்லை. தினேஸ்வரி பயந்துபோய் அவள் அம்மாவை வரவழைத்துவிட்டாள்.

அந்தச் செய்தி என் போனில்தான் வந்தது அக்கா. இரண்டு நாற்பதுக்கு. 'உங்கள் லைன் மூன்று மணிக்கு நிறுத்தப்படும்.' கூட்டாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விரலால் தள்ளிவிட்டேன். ஒரு போன் போட்டிருக்கலாம். மாமா எடுத்தால் என்ன பேசுவது என்ற வீம்பில் இத்தனை வருஷமும் உன் வீட்டுக்குப் போன் போடாதவன், அன்று மட்டும் போடுவேனா? மாமாவிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே இருக்கிறது.

ஆனால் நீ ஒவ்வொரு கடிதத்திலும் நலம், நலம் என்றுதானே எழுதினாய்? அதை வைத்துத்தானே நான் 'மருத்துவக் கருவி: இல்லை' என்று போட்டேன்?

கோடி எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "வீட்டுக்காரங்க மறைச்சிட்டாங்க, நம்ம மேல தப்பு இல்ல" என்றார். படிவத்தை நிரப்பியது நான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. இதோடு ஒரு தாள் இருக்கிறது. மெஷின் இருந்ததை நீ கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லை என்று ஒரு வரிதான். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இந்த விஷயம் முடிந்துவிடும். உனக்கு ஒரு தொல்லையும் வராது. மார்ச் மாதம் தைப்பிங் தொடங்குகிறது. இதில் பேர் கெட்டால் எனக்கு இனி எங்கும் வேலை கிடைக்காது. நடந்தது நடந்துவிட்டது. மாமா திரும்பி வரப்போவதில்லை.

மன்னித்துவிடு.

தர்மா


ஈப்போ,
9.2.2025

தம்பி தர்மாவுக்கு,

தாள் கிடைத்தது. ஒரு வாரம் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

நலம் என்று எழுதாமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது தர்மா? அப்பா படுக்கையில் கிடந்தபோதும் உனக்கு நலம் என்று எழுதிவிட்டுத்தான் கீழே விஷயத்தை எழுதினேன். கடிதத்துக்கு அது வாசல்படி. அதைத் தாண்டி நீ உள்ளே வரவில்லை. ஒரு பிளக் கேட்டேனே, அப்போதாவது "எதுக்கு அக்கா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சத்தியத்தையும் மீறிச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நான் மறைத்தது நிஜம். அதனால் நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் கையெழுத்துக்கு மேலே இன்னும் ஐந்து வரி எழுதினேன். படிவத்தை நிரப்பியது என் தம்பி தர்மலிங்கம். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேரம் மாறிய செய்தி என் போனுக்கு வரவில்லை. தைப்பிங்கில் டப்பா மாட்டும் முன்னால் வீடு வீடாகப் போய், படுக்கையறைவரை போய்ப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டுகிற மனுஷன் உள்ளே இருந்தாலும் எங்கள் ஆட்கள் வாசலில் நின்று நல்லா இருக்கோம் என்றுதான் சொல்வார்கள். இவ்வளவுதான் எழுதினேன். கமருதீன் அதை மலாயில் எழுதிக் கொடுத்தான். ஆசியா அக்கா மகன் என்பதற்காக அவன் மேல் கோபப்படாதே, நான்தான் எழுதச் சொன்னேன்.

உனக்கு அனுப்பவில்லை. உன் ஆபீசுக்கே நேராகப் பதிவுத் தபாலில் வியாழக்கிழமை அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். எந்தக் கடிதம் எத்தனை நாளில் போகும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

உன் வேலை போகலாம். அதை நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உன் சோற்றில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. தைப்பிங்கில் இரண்டாயிரம் வீடு என்று எழுதியிருந்தாய். அந்த எண்ணிக்கைதான் என்னை எழுத வைத்தது.

கோடி வேண்டாம், அந்த நாள் போய்விட்டது. வெறுங்கையோடு வா. என்மேல் கோபம் இருந்தால் அந்தக் கோபத்தோடே வா. ஆசியா அக்கா கடை விலாசம் இனி வேண்டியதில்லை. நேராக வீட்டுக்கே வரலாம், வேண்டாம் என்று சொல்ல இங்கே யாரும் இல்லை.

அக்கா,
நவமணி